இறைமொழியை மனத்தில் இருத்துவோம்

அலுவலகத்தில் அடுத்த இருக்கையில் அமர்ந்திருக்கும் பிற திருச்சபைச் சகோதரர் ஒருவர், பேச்சினிடையே விவிலிய வசனம் ஒன்றை அதிகாரமும் எண்ணும் பிசகாமல் எடுத்துரைக்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் கத்தோலிக்கரோ, "ஆம், அப்படி ஒரு வசனம் உண்டு, எங்கே என்றுதான் நினைவில்லை" என்று புன்னகையோடு நழுவிவிடுகிறார். நம்மில் பலருக்கும் இது பழகிப்போன நிகழ்ச்சியே. ஞாயிறு தவறாமல் திருப்பலி காண்கிறோம், வாசகங்களைக் கேட்கிறோம், வீட்டில் விவிலியமும் வைத்திருக்கிறோம். ஆயினும், நூலை மூடிய பின் அதிலிருந்து நான்கு வரிகளை நம்மால் சொல்ல முடிகிறதா?

இக்குறை நாணத்திற்கு உரியது மட்டுமன்று, இழப்பும் ஆகும். எனினும், குறையைப் போக்கும் வழி கடினமானதன்று. முதியோர், இளையோர், எழுத்தறியாதோர் என எவரும் கைக்கொள்ளத்தக்க சில எளிய முறைகளை இங்கே காண்போம்.

நம்மிடம் ஏற்கெனவே உள்ள செல்வம்

"எனக்கு ஒரு வசனமும் மனப்பாடமில்லை" என்று சொல்லும் கத்தோலிக்கர் தம்மை அறியாமலே தவறு செய்கிறார். இயேசு கற்பித்த செபம் மத்தேயு 6:9-13. அருள் நிறைந்த மரியே செபத்தின் முற்பகுதி, வானதூதர் கபிரியேலும் எலிசபெத்தம்மாளும் மொழிந்த வாழ்த்துகளே. அவை லூக்கா 1:28, 1:42 ஆகியவற்றில் உள்ளன. மூவேளை செபத்தின் இரண்டாம் வரி லூக்கா 1:38. மூன்றாம் வரி யோவான் 1:14. திருப்பலியில் நாம் பாடும் வானவர் கீதம் லூக்கா 2:14இல் தொடங்குகிறது. 'தூயவர்' எனும் பாடல் எசாயா 6:3இலிருந்து எழுகிறது. நற்கருணை வாங்குமுன் நாம் சொல்லும் தாழ்மையான மன்றாட்டு, மத்தேயு 8:8இல் நூற்றுவர் தலைவர் ஆண்டவரிடம் கூறிய மறுமொழியை அடியொற்றியது.

இவற்றை நமக்கு யார் கற்பித்தனர்? பாட்டிமாரும் அன்னையரும் உபதேசியார்களும் அன்றோ! எப்படிக் கற்பித்தனர்? குறித்த வேளையில், உரத்த குரலில், கூட்டாக, நாள்தோறும். ஆகவே மனத்தில் இருத்தும் கலை நமக்குப் புதிதன்று. கையிலிருக்கும் கலையை விவிலியத்தின் பிற பகுதிகளுக்கும் விரிப்பதே இப்போது வேண்டுவது.

ஆண்டவரும் அன்னையும் காட்டிய வழி

பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்த இயேசுபிரானை அலகை மும்முறை சோதித்தது. மும்முறையும் அவர் அளித்த விடை இணைச்சட்ட நூலிலிருந்து வந்தது (இணைச்சட்டம் 8:3, 6:16, 6:13). அங்கே அவர் கையில் ஏட்டுச்சுருள் ஏதும் இருந்ததாக நற்செய்தி கூறவில்லை. பசியாலும் தனிமையாலும் உடல் தளர்ந்திருந்த அந்த வேளையில், உள்ளத்தில் இருந்த சொல்லே அவருக்குக் கேடயமாயிற்று. சிலுவையிலும் அவர் நாவில் எழுந்தவை திருப்பாடல்களே: ஒன்று திருப்பாடல் 22இன் தொடக்கம், மற்றொன்று 31:5.

அன்னை மரியாவின் பாடலை (லூக்கா 1:46-55) சாமுவேலின் தாய் அன்னாவின் பாடலோடு (1 சாமுவேல் 2:1-10) ஒருமுறை ஒப்பிட்டுப் படித்துப் பாருங்கள். பழைய பாடலின் எதிரொலி புதிய பாடலில் கேட்கும். நாசரேத்தூர் மங்கை முன்னோரின் மன்றாட்டுகளை நெஞ்சில் சுமந்தவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

திருச்சபையின் வரலாறும் இவ்வழியே சென்றது. வனத்து அந்தோணியாருக்கு நினைவே நூலாக அமைந்தது என்று அவரது வரலாற்றை எழுதிய புனித அத்தனாசியார் கூறுகிறார். எழுத்தறியாத அவர், பிறர் வாசிக்கக் கேட்டே மறைநூலை மனத்தில் இருத்தியதாகப் புனித அகுஸ்தினார் குறிப்பிடுகிறார். 787ஆம் ஆண்டு கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம், ஆயராகத் திருநிலைப்படுத்தப்படுபவர் திருப்பாடல்களை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும் என்று விதித்தது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில், விவிலியத்தை அடிக்கடி படித்து அப்படிப்பைச் செபத்தோடு இணைக்குமாறு விசுவாசிகள் அனைவரையும் தூண்டியது. 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ், பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாக ஏற்படுத்தினார்.

நூல் பறிக்கப்படும் வேளை

"வீட்டில்தான் விவிலியம் இருக்கிறதே, வேண்டும்போது எடுத்துப் படித்துக்கொள்ளலாமே, கைப்பேசியிலும் இருக்கிறதே" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு வியட்நாம் நாட்டின் கர்தினால் வான் துவான் அவர்களின் வாழ்வே விடை கூறும்.

சைகோன் உயர்மறைமாவட்டத்தின் இணைப் பேராயராக நியமிக்கப்பட்டிருந்த அவர், 1975 ஆகஸ்டு 15, அன்னையின் விண்ணேற்பு விழாவன்று கைது செய்யப்பட்டார். 13 ஆண்டுகள் சிறைவாசம். அவற்றுள் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. விவிலியத்தை உடன் கொண்டுசெல்ல அவரால் இயலவில்லை. கிடைத்த சிறு சிறு காகிதத் துண்டுகளையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தார். நினைவிலிருந்த நற்செய்தி வாக்கியங்களை ஒவ்வொன்றாக அவற்றில் எழுதினார். இவ்வாறு முந்நூறுக்கும் மேற்பட்ட வாக்கியங்கள் கொண்ட சிற்றேடு ஒன்று உருவாயிற்று. அதுவே அவருக்கு நாள்தோறும் வழித்துணையாயிற்று. 1988இல் விடுதலை பெற்ற அவர், 2001இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டு, 2002இல் இறையடி சேர்ந்தார். 2017இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

காகிதத்தைச் சிறையில் தேடிக்கொள்ளலாம்; வசனத்தைச் சிறையில் புதிதாகத் தேடிக்கொள்ள இயலாது. முன்பே உள்ளே சேர்த்து வைத்தது எதுவோ அதுவே அங்கே கைகொடுத்தது.

நமக்குச் சிறைவாசம் நேராதிருக்கலாம். ஆயினும் கண்பார்வை மங்கும் நாள் வரும். மருத்துவமனையில் விளக்கணைந்த பின் உறக்கம் வராத இரவு வரும். அன்புக்குரியவரின் இறுதி மூச்சருகே நூலைத் தேடிப் புரட்ட நேரமில்லாத நாழிகையும் வரும். பிள்ளைகளின் பெயரையே மறந்துவிட்ட முதியவர், செபமாலை தொடங்கியதும் உதடசைத்து உடன் சொல்வதைக் கண்டவர்கள் நம் பங்குகளில் உண்டு. அந்நாளுக்கான சேமிப்பை இந்நாளில் தொடங்குவதே அறிவுடைமை.

நெட்டுரு வேண்டா

வழிமுறைகளைக் கூறுமுன் ஓர் எச்சரிக்கை. பாலைநிலத்தில் இயேசுவைச் சோதித்த அலகையும் விவிலியத்தை மனப்பாடமாகவே சொன்னது! திருப்பாடல் 91:11-12ஐ அது எடுத்துரைத்தது. சொற்கள் சரியே, பொருள்தான் திரிக்கப்பட்டது. கடவுளை நம்புவோருக்குத் தரப்பட்ட ஆறுதலை, கடவுளைச் சோதிப்பதற்கான துணிச்சலாக அது மாற்ற முயன்றது. ஆகவே முன்னும் பின்னும் பாராமல் ஒற்றை வரியைப் பெயர்த்தெடுத்து உருப்போடுவது ஆபத்தானது. வசனத்தை விவாதத்தில் எதிராளியை வீழ்த்தும் கல்லாகப் பயன்படுத்துவதும் அத்தகையதே.

பங்குத் திருவிழாவையொட்டி நடத்தப்படும் மனப்பாடப் போட்டிகள் நல்லவையே. ஆனால் பரிசு பெற்ற மறுவாரமே குழந்தை அனைத்தையும் மறந்துவிடுகிறதென்றால், அப்போட்டியால் நிலைத்த பயன் என்ன? வாயில் ஏறியது மனத்தில் இறங்கவில்லை என்பதே பொருள். இறங்கச் செய்யும் வழிகளை இனிக் காண்போம்.

எட்டு எளிய வழிகள்

1. பொருளை முதலில் அறிக. மனப்பாடம் செய்ய எண்ணும் வசனம் அமைந்துள்ள அதிகாரம் முழுவதையும் ஒருமுறை படியுங்கள். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எச்சூழ்நிலையில் பேசுகிறார் என்று கேளுங்கள். பொருள் விளங்கிய சொல் தானே நிற்கும்.

2. ஒரே மொழிபெயர்ப்பைக் கடைப்பிடிக்க. இன்று வழிபாட்டில் வாசிக்கப்படுவது 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு. இளையோர் அதையே கற்பது நலம். கோயிலில் கேட்கும்போதெல்லாம் மனப்பாடம் வலுப்பெறும். பழைய மொழிபெயர்ப்பில் கற்ற முதியோரைத் திருத்த முற்பட வேண்டா. அவர்கள் நெஞ்சில் உள்ளதும் இறைமொழியே. பழைய கத்தோலிக்க நூல்களில் பெரும்பாலான திருப்பாடல்களின் எண் ஒன்று குறைவாக இருக்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்க. ஆயன் பற்றிய 23ஆம் திருப்பாடல் அவற்றில் 22 என்றே காணப்படும்.

3. காட்சியாகக் காண்க. அதே 23ஆம் திருப்பாடலை எடுத்துக்கொள்வோம். ஆறே வசனங்கள். பசும்புல் வெளி, அமைதியான நீர்நிலை, நேரிய வழி, இருண்ட பள்ளத்தாக்கு, விருந்து மேசை, இறுதியில் ஆண்டவரின் இல்லம் என்று காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இப்பயணத்தை மனக்கண்ணில் நடந்து பார்த்தால் வரிசை மறவாது. இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் மூன்று வசனங்களில் ஆண்டவரைப் பற்றி 'அவர்' என்று பேசும் பாடகர், இருண்ட பள்ளத்தாக்கில் இறங்கியதும் 'நீர்' என்று அவரிடமே பேசத் தொடங்கிவிடுகிறார். துன்பத்தில்தான் இறைவனை நேரில் அழைக்கிறோம் எனும் இவ்வுண்மையை ஒருமுறை உணர்ந்தவர் நான்காம் வசனத்தை என்றும் தவறவிடமாட்டார்.

4. சிறு சிறு அடிகளாகப் பிரிக்க. ஒரு மூச்சில் சொல்லத்தக்க அளவே ஓர் அடி. முதலடியைச் சொல்லிப் பழகியபின் இரண்டாம் அடி. பின்னர் இரண்டையும் சேர்த்துச் சொல்க. பலர் தடுமாறுவது வசனத்தின் நடுவிலன்று, ஒரு வசனம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்திலேதான். இதற்கு நம் தமிழ்ப் புலவர்கள் அந்தாதி எனும் வழியை வகுத்தனர். ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கமாகும். வீரமாமுனிவரும் 'அன்னை அழுங்கல் அந்தாதி' இயற்றினார். நாமும் முந்திய வசனத்தின் இறுதிச் சொல்லையும் அடுத்த வசனத்தின் முதற்சொல்லையும் இணைத்துத் தனியே பத்து முறை சொல்லிப் பழகினால் அந்த இடைவெளி அடைபடும்.

5. நூலின் அமைப்பைத் துணைக்கொள்க. விவிலியப் பாடல்கள் பலவும் நினைவில் நிற்பதற்கேற்ற அமைப்புடையவை. திருப்பாடல் 119 எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளையும் வரிசையாகக் கொண்டது. எழுத்துக்கு எட்டு வசனமாக மொத்தம் 176. நம் ஔவையாரின் ஆத்திசூடி அகர வரிசையில் அமைந்திருப்பதை இது நினைவூட்டுகிறதன்றோ? மத்தேயு 5:3-10இல் உள்ள எட்டுப் பேறுகளில் முதலாவதற்கும் எட்டாவதற்கும் வாக்களிக்கப்படுவது ஒன்றே, விண்ணரசு. இரு முனைகளிலும் ஒரே கம்பம் நட்ட வேலியென எண்ணிக்கொண்டால் இடையிலுள்ள ஆறும் சிதறா. அன்பைப் பற்றி 1 கொரிந்தியர் 13:4-7இல் அடுக்கடுக்காக வரும் பண்புகளை விரல் கணுக்களில் எண்ணிச் சொல்லுங்கள்.

6. நூலை மூடிவிட்டுச் சொல்க. எல்லா வழிகளிலும் இதுவே தலையாயது. திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே இருந்தால் தெரிந்துவிட்டது போன்ற மயக்கம் உண்டாகும். மூடிவிட்டு முயலும்போதுதான் உண்மை வெளிப்படும். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006இல் இதனை ஆய்ந்து வெளியிட்டனர். ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடங்களுக்குப் பின் வைத்த தேர்வில் முந்தினர். பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களோ ஒரு வாரத்திற்குப் பின் அவர்களை விஞ்சினர். ஆகவே தடுமாற்றத்திற்கு அஞ்ச வேண்டா. தடுமாறித் தேடி எடுத்த சொல்லே ஆழமாகப் பதிகிறது.

7. இடைவெளி விட்டு மீள்பார்வை செய்க. செருமானிய அறிஞர் எபிங்கௌஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து தம் மறதியை அளந்து, 1885இல் நூலாக வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவுகிறது. அதன்பின் நழுவல் மெதுவாகிறது. எனவே முதல் நாளில் பலமுறை, பின்பு மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், இரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போக வேண்டும்.

இதற்குச் செலவில்லாத ஏற்பாடு ஒன்று உண்டு. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972இல் செருமானிய மொழியில் எழுதிய நூலால் இம்முறை பரவியது. பழைய திருமண அழைப்பிதழ்களின் வெற்றுப் பக்கத்தைச் சிறு அட்டைகளாக வெட்டுங்கள். ஒரு பக்கத்தில் வசனத்தின் எண், மறுபக்கத்தில் வசனம். ஓர் அட்டைப் பெட்டியில் ஐந்து அறைகள் தடுத்துக்கொள்ளுங்கள். புதிய அட்டை முதல் அறையில் இருக்கும். அதை நாள்தோறும் எடுத்துச் சொல்ல வேண்டும். பிழையின்றிச் சொன்னால் அடுத்த அறைக்கு மாற்றலாம். இரண்டாம் அறை இரு நாளுக்கொரு முறை, மூன்றாவது வாரம் ஒரு முறை, நான்காவது இரு வாரத்திற்கு ஒரு முறை, ஐந்தாவது மாதம் ஒரு முறை. எந்த அறையில் தவறினாலும் அட்டை முதல் அறைக்கே திரும்பும். குழந்தைகளுக்கு இது ஒரு விளையாட்டாகவே அமையும்.

8. வேளையோடும் இடத்தோடும் பிணைக்க. இணைச்சட்டம் 6:4-9இல் மோசே இசுரயேலருக்குக் கூறிய அறிவுரை வியப்பூட்டும் அளவு நடைமுறைக்கு ஏற்றது. வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் இறைமொழியைப் பேசவும், பிள்ளைகளுக்குப் புகட்டவும், கதவு நிலைகளில் எழுதவும் அவர் பணித்தார். நாமும் அவ்வாறே செய்வோம். அரிசி களையும்போது ஒரு முறை. பேருந்துக்குக் காத்திருக்கும்போது ஒரு முறை. விளக்கணைக்கும்போது ஒரு முறை. வாரத்திற்கு ஒரு வசனத்தைச் சமையலறைச் சுவரிலோ நாட்காட்டியின் அருகிலோ எழுதி ஒட்டுங்கள். சொல்லும்போது எண்ணைத் தொடக்கத்திலும் முடிவிலும் சொல்லுங்கள். எண் மறந்துபோகும் குறையும் நீங்கும்.

குடும்பமாகக் கற்போம்

எந்த வசனத்திலிருந்து தொடங்குவது என்று தயங்குவோருக்குத் திருச்சபையே வழிகாட்டுகிறது. ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகத்திற்குப்பின் வரும் பதிலுரைப் பாடலின் பல்லவியை நாம் நாலைந்து முறை சொல்லிவிடுகிறோம். கோயிலை விட்டு வெளிவருமுன் மனப்பாடம் பாதி முடிந்தாயிற்று. அதையே அவ்வார வசனமாகக் கொண்டு, மாலைக் குடும்பச் செபத்தில் செபமாலைக்குப் பின் ஒருவர் மாற்றி ஒருவர் நூலைப் பாராமல் சொல்லலாம்.

இன்னும் சற்று நீண்ட பகுதிகளை விரும்புவோர், மாதத்திற்கு ஒன்றாகப் பின்வருவனவற்றைக் கற்கலாம்:

சனவரி: யோவான் 3:16
பெப்ருவரி: திருப்பாடல் 23
மார்ச்சு, தவக்காலம்: திருப்பாடல் 51:10-12
ஏப்ரல், உயிர்ப்புக் காலம்: யோவான் 11:25-26
மே, அன்னையின் வணக்க மாதம்: லூக்கா 1:46-55
சூன், திரு இருதய மாதம்: மத்தேயு 11:28-30
சூலை: மத்தேயு 5:3-10
ஆகஸ்டு: திருப்பாடல் 121
செப்டம்பர்: 1 கொரிந்தியர் 13:4-7
அக்டோபர்: பிலிப்பியர் 4:6-7
நவம்பர், இறந்தோர் நினைவு மாதம்: உரோமையர் 8:38-39
டிசம்பர், கிறிஸ்து பிறப்பு: யோவான் 1:14

ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் ஐம்பது வசனங்களே. பத்து ஆண்டுகள் இவ்வாறு பகுதிகளை மாற்றி மாற்றி வாழ்ந்த குடும்பத்தின் செல்வத்தை எண்ணிப் பாருங்கள்!

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். குழந்தை தடுமாறும்போது கடிந்துகொள்ளாதீர்கள். அடுத்த சொல்லை மெல்ல எடுத்துக்கொடுங்கள். அடித்துக் கற்பித்த வசனம் அடியை நினைவூட்டுமேயன்றி ஆண்டவரை நினைவூட்டாது. நீங்களும் உடன் கற்றுச் சொல்லுங்கள். நீங்கள் தவறும்போது உங்களைத் திருத்தும் மகிழ்ச்சியைப் பிள்ளைக்குக் கொடுங்கள். எழுத்தறியாத முதியோர் வீட்டில் இருந்தால், பேரக்குழந்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும். வனத்து அந்தோணியாரும் கேட்டுத்தானே கற்றார்! வாசித்த பேரனுக்கும் கேட்ட பாட்டிக்கும் ஒரே நேரத்தில் வசனம் பதியும்.

கற்றதைச் செபமாக்குவது இறுதிப்படி. உறவினர் நோயுற்றிருந்தால், அவர் படுக்கையருகே அமர்ந்து 121ஆம் திருப்பாடலை மெதுவாகச் சொல்லுங்கள். வீட்டில் சச்சரவு எழும்போது அன்பைப் பற்றிய பவுலடியாரின் சொற்களை வாய்திறவாமல் மனத்திற்குள் ஓட்டுங்கள். பிறரை நோக்கி வீச வேண்டா, உங்களை நோக்கியே கேளுங்கள். பயன்படுத்தப்படும் வசனம் மறப்பதில்லை.

அன்பு வாசகர்களே! வரும் ஞாயிறன்று கோயிலிலிருந்து திரும்பும் வழியிலேயே இதைத் தொடங்கலாம். ஒரே ஒரு பல்லவி போதும். இளமையில் உள்ளே வைத்த சொல், நம் கை நூலைப் பிடிக்க இயலாத நாளில் நம்மைப் பிடித்துக்கொள்ளும். நாசரேத்து வீட்டில் நிகழ்ந்தவற்றையெல்லாம் தம் உள்ளத்தில் பதித்துக் காத்த அன்னை மரியா, நம் இல்லங்களிலும் இறைமொழி வேரூன்ற நமக்காக மன்றாடுவாராக!